நிறம் கறுப்பு, கொம்பு இல்லை

மலாயா சுதந்திரம் வாங்குவதற்கு நாலரை மாதம் முன்பு, கஜா பெராங் பகுதிப் பால்காரன் சுப்பையனின் வலக்கன்னத்தில் ஒரு வட்டம் எழுந்தது. ஐந்து காசு அளவில் தொடங்கியது, பத்தே நாளில் பணியாரம் போல உப்பி, தாடிமயிரின் வேர்க்கால் ஒவ்வொன்றிலும் ஒரு சீழ்முத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நாட்டில் அப்போது எல்லோருமே எதையாவது புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். சுப்பையனுக்கு வாய்த்தது இது.

அவனிடம் இரண்டு பசுக்கள். அதில் செவலை பிடிவாதக்காரி. கறக்கிறவன் தன் வலக்கன்னத்தை அவள் விலாவில் அழுத்திச் சாய்ந்துகொண்டாலொழிய ஒரு சொட்டு இறங்காது. ஆறு வருடமாகக் காலையும் மாலையும் அந்த விலாவும் இந்தக் கன்னமும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. இப்போது அந்த விலாவிலும் சாம்பல் பூசின மாதிரி மூன்று வட்டங்கள். அவன் மனைவி அஞ்சலை, தவிட்டு வாளியோடு நின்று மாட்டையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாட்டுப் படைங்க. செவலகிட்டேருந்து ஒங்க மூஞ்சிக்கு ஏறியிருக்கு. எங்கப்பாவுக்கும் எஸ்டேட்டுல வந்துச்சு. கந்தகத்தத் தேங்காண்ணெயில கொழச்சுப் பூசுனா ரெண்டு மாசத்துல எறங்கிரும்."

நோய் நிர்ணயம் முடிந்தது. வாளியைக் கீழே வைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. கதையும் அங்கேயே முடிந்திருக்க வேண்டியதுதான். முடியாமற்போனதற்கு நகரச் சுகாதார இலாகாவின் சுற்றறிக்கை ஒன்று காரணம். சுதந்திர நாட்டில் பால் விற்க விரும்புகிறவர்கள் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் அரசாங்க முத்திரையிட்ட ஆரோக்கியச் சான்றிதழைக் காட்டிப் புது லைசென்ஸ் எடுக்க வேண்டும். தவறினால் அவர்களுடைய மாடுகள் நகர எல்லைக்குள் இருக்கக் கூடாது. மாடுகள் போய்விட்டால் சுப்பையனுக்கு மிஞ்சுவது ஒரு சைக்கிளும் இரண்டு காலித் தூக்கும்தான்.

முகத்தில் நோய் இருப்பவனுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் மலாயா முகரோம நோய் நிர்ணய நிலையத்துக்கு மட்டுமே உண்டு என்று அவனுக்குச் சொன்னார்கள். பழைய கொப்பரைக் கிடங்கு ஒன்றில் அந்த நிலையம் அந்த வருடம்தான் முளைத்திருந்தது. வாசலில் பலகை: 'இங்கே நிர்ணயம் மட்டும். சிகிச்சை கேட்டுத் தொந்தரவு செய்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

பலகைக்குக் கீழே மருத்துவ உதவியாளர், டிரெஸ்ஸர் தேவதாஸ் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றிலும் மை கிடையாது.

"என்னா வேணும்?"

"சர்ட்டிபிகேட்டுங்க ஐயா. மூஞ்சியில மாட்டுப் படை வந்திருக்கு. வீட்டுல பாத்துச் சொன்னாங்க."

"ஒன் வீட்டுல எங்க படிச்சாங்க?"

"படிக்கலீங்க."

"பதினோரு வருஷம் படிச்ச எங்க பெரிய டாக்டரே மூஞ்சியப் பாத்தவொடனே சொல்ல மாட்டாரு. ஒன் பொண்டாட்டி சொல்லிருச்சா? பாத்தவொடனே தெரியறதுக்குப் பேரு நோயில்லய்யா. இந்தா விண்ணப்பப் பாரம். எண்ணெ கிண்ணெ ஏதும் பூசியிருக்கியா?"

"நேத்து கொஞ்சம் கந்தகம்…"

"கழுவு. நிர்ணயத்துக்கு முன்னால கொணமாறது சட்டப்படி தப்பு. சவரமும் பண்ணக்கூடாது. அந்த மயிரு இனிமே ஒன்னோடது இல்ல, நெலையத்தோட தடயம்."

சுப்பையன் குழாயடியில் கழுவிக்கொண்டான். தன் முகத்தில் அரசாங்கச் சொத்து வளர்கிறது என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அது மூன்று நாள் நீடித்தது.

மே மாதத்தில் நிலையத்தின் தலைவர் டாக்டர் மாணிக்கவாசகம் அவனைப் பார்த்தார். பார்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் பார்த்தது பக்கத்திலிருந்த குழு உறுப்பினர்கள் இருவரை. பேசியது அவர்களுக்கும் மேலே, கூரையை நோக்கி.

"அன்பர்களே, இதுவரை நம் நோய்களுக்கு லண்டனில் பெயர் வைத்தார்கள். இனி நாமே வைப்போம். சுதந்திர நாட்டுக்குக் கொடி வேண்டும், பாட்டு வேண்டும், சொந்தமாக ஒரு நோயும் வேண்டும். அந்த நோய் நமது கொப்பரைக் கிடங்கிலிருந்து புறப்பட்டது என்று நாளைய சரித்திரம் சொல்லும். தேவதாஸ், இடுக்கி."

சோதனை எளிமையானது. பூஞ்சை பிடித்த முடியைப் பிடுங்கினால் வலிக்காது. வலித்தால் அது பூஞ்சையல்ல, வேறு கிருமி. லண்டன் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. டாக்டர் வலக்கன்னத்தில் ஒரு முடியைப் பிடித்து இழுத்தார். வெண்ணெயில் கிடந்த நூல் மாதிரி அது கழன்று வந்தது.

"வலித்ததா?"

"இல்லீங்க ஐயா."

சோதனை அத்தோடு தீர்ந்துவிட்டது. ஆனால் சபை கூடியாயிற்று, தேநீரும் சொல்லியாயிற்று. ஒரு முடியின் பேச்சை மட்டும் கேட்டு ஒரு நாடு முடிவெடுக்க முடியாது என்றார் முதல் உறுப்பினர். பத்து பிடுங்கினார்கள். பத்தும் வலிக்கவில்லை. வலி என்றால் என்னவென்று இவனுக்குத் தெரியுமா என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார் இரண்டாவது உறுப்பினர். அது நியாயமான கேள்வி என்று குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. ஆகவே நல்ல கன்னமாகிய இடக்கன்னத்திலும் பத்து முடி பிடுங்கத் தீர்மானமாயிற்று.

முதல் முடியிலேயே சுப்பையன் "அம்மா" என்றான்.

டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். "இங்கே ஓர் ஆங்கிலச் சிப்பாய் முகத்தைச் சுளித்தான் என்று இருக்கிறது. நீர் அம்மா என்கிறீர். சுளிப்புக்கும் அம்மாவுக்கும் நடுவே எத்தனை படி இருக்கிறது?"

"தெரியலீங்க ஐயா."

"சுளியும், பார்ப்போம்."

ஒன்பது முடி பிடுங்கியும் சுப்பையனால் ஓர் ஆங்கிலச் சிப்பாயைப் போலச் சுளிக்க முடியவில்லை. பத்தாவதில் ஓரளவு வந்தது. பிடுங்கிய ஒவ்வொரு முடியையும் காகிதத்தில் ஒட்டி, பக்கத்தில் அவன் கைநாட்டை வாங்கினார்கள். மொத்தம் இருபத்தோரு கைநாட்டு. கடைசியில், பிடுங்கிய இடம் எது என்று மறந்துவிடாமல் இருக்க, இரண்டு கன்னத்திலும் ஊதா மருந்தைப் பூசி அனுப்பினார்கள். 'நோயாளி உற்சாகமாக ஒத்துழைத்தார்' என்று குறிப்பில் ஏறியது.

மறுநாள் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடைக்காரர் மனைவி நூர்ஜஹான் பால் சொம்பைக் கொண்டுவந்தவள், அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

"பாலு நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஒங்க மூஞ்சிய நெனச்சா எறங்க மாட்டேங்குது. மூஞ்சிய வூட்டுல வெச்சிட்டு வாங்களேன்."

அந்த வாரம் ஏழு வீடுகள் நின்றன. புக்கிட் பாருவில் ஓர் அம்மாள் தன் பிள்ளை சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம் அவனைச் சைக்கிளோடு வாசலில் வந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டாள். அது ஒன்றுதான் புதிதாகக் கிடைத்த வாடிக்கை.

பிடுங்கிய முடியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்துவிடும். நிலையத்தில் உருப்பெருக்கி இருந்தது. ஆனால் பட்டுத்துணி போர்த்தி, குறுக்கே ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். ரிப்பனை வெட்ட ஒரு பிரமுகர் வர வேண்டும். பிரமுகருக்கு ஜூன் மாதம் பன்னிரண்டாம் தேதிதான் ஒழிந்தது. அதுவரை சுப்பையன் வாரம் ஒருமுறை வந்து புது முடி கொடுத்துவிட்டுப் போனான். பழைய முடி ஊசிப்போயிருக்கும் என்று தேவதாஸ் சொன்னார்.

ஜூன் பன்னிரண்டில் பந்தல், பூமாலை, பாண்டு வாத்தியம். மேடையோரத்தில் ஒரு நாற்காலியில் சுப்பையனை உட்காரவைத்து, 'நோய்' என்று எழுதிய அட்டையை அவன் மடியில் வைத்திருந்தார்கள். பிரமுகர் ரிப்பனை வெட்டி, துணியை விலக்கி, குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தார்.

"ஆகா. கறுப்பு மூங்கில் காடு மாதிரி இருக்கிறது."

கைத்தட்டல் பந்தலைத் தூக்கியது. சுப்பையனும் தட்டினான். அந்தச் சத்தத்தில் தேவதாஸ் டாக்டரின் காதில் சொன்னது சுப்பையனுக்கு மட்டும் கேட்டது.

"சார், கண்ணாடித் தகடு இன்னும் என் பையிலதான் இருக்கு. நீங்க சொன்ன பெறகு வைக்கலாம்னு இருந்தேன். தொரை பாத்தது அவரு கண்ணிமை மயிரு."

"அதற்கென்ன," என்றார் டாக்டர், புன்னகை கலையாமல். "பார்த்தது யார் என்பதுதான் முக்கியம். என்ன என்பது அப்புறம்."

'மூங்கில் வகைப் பூஞ்சை' என்று பதிவாயிற்று. சம்பிரதாயத்துக்காக, ஊதாக் கறை படிந்த பத்து முடியைத் தலைநகர் ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், பாண்டு வாத்தியம் எதுவும் இல்லாமல், அதைக் குப்பியில் வளர்த்துப் பார்த்து ஜூலை இருபத்துமூன்றில் ஒரே வரி எழுதினார்: மாட்டினப் பூஞ்சை.

டாக்டர் மாணிக்கவாசகம் சுப்பையனை நிற்கவைத்து அதை இரண்டு முறை வாசித்தார்.

"வீட்டுலயும் அப்பவே அதத்தான் சொன்னாங்க ஐயா."

"அது அறியாமை. இது விஞ்ஞானம். இரண்டும் ஒரே சொல்லைச் சொல்வது தற்செயல்." அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மூங்கில் என்பது பிரமுகரின் கருத்து. மாடு என்பது ஆய்வகத்தின் கருத்து. இரண்டையும் நான் மதிக்கிறேன். மூங்கில் உறுதியாகியிருந்தால் உம்மை வன இலாகாவுக்கு அனுப்பியிருப்பேன். மாடு உறுதியாகிவிட்டதால் கால்நடை இலாகா. இந்த நிலையம் மனித ரோமத்துக்கு மட்டுமே ஏற்பட்டது."

"ஐயா, நானும் மனுசந்தானுங்களே."

"பூஞ்சை முட்டாள் அல்ல சுப்பையா. எதன் மேல் ஏறுகிறோம் என்று தெரிந்துதான் அது ஏறும்."

உத்தரவுச் சீட்டில் 'உரிமையாளர் ஓட்டிவர வேண்டும்' என்று இருந்தது. அதனால் மறுநாள் காலை அஞ்சலையும் கூடப் போனாள். கால்நடை இன்ஸ்பெக்டர் சேதுராமன் நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. விதியை மீறியதும் இல்லை.

"கயிறு எங்கம்மா?"

"எதுக்குங்க?"

"சட்டம். கழுத்துல வேணாம், மனசு கஷ்டப்படும். கையில புடிச்சாப் போதும்."

சைக்கிளில் தூக்குக் கட்டும் கயிற்றைச் சுப்பையனே அவிழ்த்து அவளிடம் கொடுத்தான். அவள் கொதித்துப்போனாள்.

"ஏன் சார், இவரப் பாத்தா ஒங்களுக்கு மாடாத் தெரியுதா?"

"நான் சொல்லலம்மா. நான் சொன்னா மானநஷ்டம். தாள் சொல்லுது. இவரு மனுசன்னா இந்தத் தாள் பொய். தாள் பொய்னா பெரிய டாக்டரு பொய்யரு. டாக்டரப் பொய்யருன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, இல்லீங்க," என்றான் சுப்பையன்.

"மாடு பேசக் கூடாது."

அவன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். அவசரகாலத்தில் சர்க்கார் கொடுத்த அட்டை; படத்தில் மழுமழுவென்று சவரம் செய்த முகம். சேதுராமன் படத்தையும், மூன்று மாதத் தாடியும் ஊதாக் கன்னமுமாக நின்ற உருவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"இது வேற யாரோ. சவரம் பண்ணிட்டு வரலாமேன்னு கேப்பீங்க. நோய் தீராம மயிர எடுத்தா தடயத்த அழிச்ச குத்தம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் சொல்றதக் கேளுங்க. ஆரோக்கியச் சான்றிதழ் நாங்களும் குடுப்போம், மாட்டுக்கு. சர்க்கார் முத்திரை ஒண்ணுதான். லைசென்ஸ் எழுதுற கிராணி முத்திரையத்தான் பாப்பாரு, மேல எழுதியிருக்கிறத வாசிக்க மாட்டாரு."

சுப்பையன் யோசித்தான். ஆகஸ்டு பதினைந்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மனிதனாக இருந்தபடி மூன்று மாதம் அலைந்து அவனுக்குக் கிடைத்தது ஊதா மருந்துதான். அவன் அஞ்சலையைப் பார்த்துத் தலையாட்டினான். சேதுராமன் பாரத்தை எடுத்தார்.

"நிறம் கறுப்பு. கொம்பு இல்லை. காயடிச்சதா?"

"ரெண்டு புள்ள இருக்குங்க," என்றாள் அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டு. "பெரியவன் ஆறாங்கிளாஸ் படிக்கிறான்."

'இல்லை. இனவிருத்திக்கு உகந்தது' என்று அவர் எழுதினார். "பொறந்த எடம்?"

"நாகப்பட்டணம் பக்கம். முப்பத்தேழுல கப்பல்ல வந்தாரு."

சேதுராமனின் பேனா நின்றது. "இறக்குமதியா? இருவது வருஷமா தனிமைப்படுத்தாமயா திரிஞ்சுக்கிட்டிருக்கு? இருபத்தோரு நாள் கொட்டகையில வெச்சாகணுமே."

"பினாங்குல எறங்குனப்பவே தீவுல போட்டு அடைச்சாங்க ஐயா," என்றான் சுப்பையன் பொறுக்காமல்.

"அது மனுசங்களுக்கான தனிமை. இதுக்குச் செல்லாது. ஒங்க செவல?"

"கஜா பெராங்குலயே பொறந்தது," என்றாள் அஞ்சலை.

"அப்ப அது வீட்டுலயே இருக்கலாம். உள்நாடு." அவர் அடுத்த கட்டத்துக்கு வந்தார். "பேரு?"

அஞ்சலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் புருஷன் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும்.

"சுப்பை…" என்று தொடங்கினான் சுப்பையன்.

"மாடு பதில் சொன்னாச் செல்லாது. உரிமையாளர் சொல்லணும்."

"முருகனோட இன்னொரு பேருங்க," என்றாள் அவள் சுவரிடம்.

"மாட்டுக்கு எதுக்கம்மா சாமி பேரு?" என்று கேட்டு, 'பெயர் இல்லை' என்று சேதுராமன் எழுதினார்.

செங் ஊருக்குப் போகும் வழியில் இருந்தது கொட்டகை. சுப்பையனோடு சயாமிலிருந்து வந்த நான்கு எருமைகளும் இருந்தன. கருணாகரன் என்ற கிழவர் அவற்றுக்குக் காவல். இருபது வருடத்தில் இரண்டு காலில் நிற்கும் மாட்டைப் பார்த்ததில்லை என்றாலும், தாளில் இருந்ததால் அவர் ஆச்சரியப்படவில்லை. காலையில் வரிசையாக நிறுத்தி எல்லோருக்கும் ஏழாம் எண் அரசாங்க மருந்தைப் பூசினார். மஞ்சளாக, தேங்காயெண்ணெய் வாசனையோடு இருந்தது. சுப்பையன் விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தான். கந்தகம்.

முதல் வாரம் அவன் கருணாகரனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். பதில் வரவில்லை. மாட்டோடு பேசுகிற ஆள் என்று பெயர் வந்தால் வேலை போய்விடும் என்று கிழவர் பயந்தார். இரண்டாம் வாரம் சுப்பையன் பேசுவதை நிறுத்தினான். மூன்றாம் வாரம் கன்னம் வற்றி, பொருக்கு உதிர்ந்தது. வட்டம் இருந்த இடத்தில் மட்டும் வேர்க்கால் செத்து, மொழுமொழுவென்று ஒரு வழுக்கை விழுந்தது. தவிட்டுத் தண்ணீர் வரும் நேரம் அவனுக்கும் தெரிந்திருந்தது. வாளிச் சத்தத்துக்கு எருமைகள் எழும்போது அவனும் எழுந்தான். அவனுடைய கஞ்சியும் அதே நேரத்தில்தான் வரும்.

ஆகஸ்டு பதினைந்து, காலை பதினொன்றரை. அஞ்சலை கொட்டகை வாசலில் நின்றாள். அரை மணி நேரத்தில் லைசென்ஸ் கவுண்டர் மூடிவிடும். மூத்த மகன் சைக்கிளைப் பிடித்தபடி சாலையில் காத்திருந்தான். சேதுராமன் சான்றிதழில் முத்திரை வைத்தார். கையெழுத்துப் போடும் முன் பேனாவை நிறுத்தினார்.

"ஒண்ணு பாக்கியிருக்கும்மா. குரல் சோதனை. இது ஒங்க மாடுதான்னு காட்டணும். நீங்க கூப்பிடணும், அது வரணும். மூணு தடவைதான்."

கொட்டகையின் அந்தக் கோடியில் எருமைகளுக்கு நடுவே சுப்பையன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க," என்றாள் அஞ்சலை.

"அது பேரே இல்லம்மா. ஊர்ல எல்லாப் பொம்பளையும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. ஒண்ணு போச்சு."

சாலையில் மகன் மணியை அடித்தான். அஞ்சலை கண்ணை மூடி, முந்தானையால் வாயை மூடி, ஆயுசையும் லைசென்ஸையும் ஒரு கணம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்தப் பெயரைச் சொன்னாள். முழுதாக, சத்தமாக, "சுப்பையா" என்று.

அவன் திரும்பினான். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. கட்டின புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அந்தக் கெட்ட பெண்பிள்ளை யார் என்று சாலைப்பக்கம் தேடிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதுகைக் காட்டினான்.

"பணியலை," என்று எழுதினார் சேதுராமன். "ரெண்டு போச்சு. வராத மாட்ட ஏலத்துலதான் விடணும். யோசிச்சுக் கூப்பிடுங்க."

அஞ்சலை யோசிக்கவில்லை. கருணாகரனின் வாளியை எடுத்தாள். இடுப்பில் வைத்தாள். செவலையைத் தவிட்டுக்குக் கூப்பிடுவது போல நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தரம் தட்டி, வாளியை ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

சுப்பையன் எழுந்தான். எருமைகளை இடித்துக்கொண்டு நேராக வந்து அவளெதிரே நின்று, வாளிக்குள் பார்த்தான்.

"கட்டுப்பட்டது," என்று சேதுராமன் மனநிறைவோடு கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது லைசென்ஸ் கிராணி முத்திரையைப் பார்த்தார், வேறு எதையும் பார்க்கவில்லை. லைசென்ஸ் அஞ்சலை பெயரில் வந்தது: மாடு மூன்று, மூன்றும் ஆரோக்கியம். டாக்டர் மாணிக்கவாசகத்தின் நிலையம் அந்த வருட அறிக்கையில், மனிதரிடையே முகரோமப் பூஞ்சை அறவே ஒழிந்துவிட்டது என்று எழுதி, இன்னும் இரண்டு உருப்பெருக்கிகளும் ஒரு பந்தலும் கேட்டது. கிடைத்தன.

சுதந்திர நாள் காலையில் ஊரே கொடி பார்க்கப் போனபோது, சுப்பையன் செவலையின் விலாவில் வழுக்கைக் கன்னத்தை வைத்துக் கறந்துகொண்டிருந்தான். நின்றுபோன ஏழு வீடும் திரும்பி வந்திருந்தன. அஞ்சலை அடுக்களையிலிருந்து அவனைப் பசியாறக் கூப்பிட வேண்டும். "என்னங்க" என்று வாய்வரை வந்தது. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த லைசென்ஸை ஏறிட்டுப் பார்த்தாள். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: வருடந்தோறும் ஆகஸ்டில் குரல் சோதனைக்குப் பின் புதுப்பிக்கப்படும்.

பழக்கம் விட்டுப்போகக் கூடாது. அவள் நாக்கை இரண்டு தரம் தட்டினாள். தொழுவத்திலிருந்து அவன் வந்தான்.